நெட் போன நாளில் நீலக்கோடு

மாரி மழைக்கு வீதியும் அறுகிறது, டேட்டாவும் அறுகிறது. இரண்டும் ஒரே நாளில் அறுந்தால் கைபேசியை வைத்து வழி தேடுவது எப்படி?

மாரி பிடித்து நாலு நாள் விடாமல் பெய்தால் கிட்டங்கித் தாம்போதி வீதியாக இருப்பதில்லை. கல்முனையிலிருந்து நற்பிட்டிமுனை, சேனைக்குடியிருப்பைத் தாண்டி மேற்கே சவளக்கடைக்கும் நாவிதன்வெளிக்கும் போகிற அந்த இணைப்பின் மேலால் வெள்ளம் குறுக்கறுத்துப் பாயும். முழங்கால் அளவு என்றால் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடப்பார்கள். இன்னும் ஏறினால் போக்குவரத்தே நிற்கும். வருடா வருடம் படத்தோடு பத்திரிகையில் வருகிற செய்திதான். ஆனாலும் அந்த நாளில் கைபேசியைத் திறந்து அப்பால் உள்ள மண்டூருக்கு வழி கேட்டுப் பாருங்கள். கொஞ்சமும் தயங்காமல் அதே தாம்போதியின் மேலால் நீலக்கோடு இழுக்கும். ஏப்ரல் வெயிலில் காட்டிய அதே கோடு, அதே நிமிடக் கணக்கு.

நெட் நன்றாக இருந்தாலாவது யாரோ போட்ட வட்ஸ்அப் படம் வந்து சேரும். மழை நாளில் அதுவும் நிச்சயமில்லை. மின்சாரம் போய்ச் சில மணி நேரத்தில் கைபேசிக் கோபுரத்தின் பட்டரி இறங்கிவிடும். பிறகு திரையின் மேல்மூலையில் ஒரு கோடு, அரைக் கோடு, பிறகு ஒன்றுமில்லை. நெட் போகிற நாளும் பாதை மாறுகிற நாளும் இலங்கையின் இந்தக் கிழக்குக் கரையில் பெரும்பாலும் ஒரே நாள்தான். மெப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சேர்த்து யோசிப்பதில்லை. தொழில்நுட்பப் பக்கங்களில் வருகிற ஆலோசனையெல்லாம் ஏதோ சுற்றுலாப் பயணி காட்டுக்குள் போவதை நினைத்து எழுதியதாகவே இருக்கும்.

பெரியநீலாவணைக்காரருக்கு ஊருக்குள் மெப் தேவைப்படாது. அம்பாறை மாவட்டக் கரையோரத்தின் வடக்கு நுனி இது. கிழக்கே வங்கக் கடல், மேற்கே வயலும் மட்டக்களப்பு வாவியின் தென்கோடித் தண்ணீரும். நடுவில் ஒடுங்கிய மணல்நிலத்தில் ஏ4 பிரதான வீதியை ஒட்டி ஒன்றன்பின் ஒன்றாக ஊர்கள். தெற்கே மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது. வடக்கே கல்லாறு தொடங்கினால் மட்டக்களப்பு மாவட்டம். மேற்கே திரும்பித் துறைநீலாவணைக்குப் போனாலும் மாவட்டம் மாறிவிடும். தமிழரும் முஸ்லிம்களும் மதிலுக்கு மதில் வாழ்கிற இந்த வரிசையில், கடல் எந்தக் கைப்பக்கம் என்று தெரிந்தவர் வழி தவறுவது அபூர்வம். வழி சொல்வதும் அந்தக் கணக்கில்தான். மருதமுனைப் பக்கம் பார்சல் கொண்டு போகிற இளைஞனின் போன் பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“ராத்தா, பார்சல் ஒன்று கொண்டு வாறன். ஊடு எந்தப் பக்கம்?”

“அல்மனார் ஸ்கூலுக்கிட்ட வந்து கிழக்கால திரும்புங்க மகன். கடலப் பாத்து வரக்குள்ள வலப்பக்கம் நீலக் கேட். கேட்டடியில நான் நிக்கன்.”

வீதியின் பெயரும் இல்லை, இலக்கமும் இல்லை. ஆனாலும் பார்சல் போய்ச் சேரும். சிக்கல் வருவது 2004 சுனாமிக்குப் பிறகு எழும்பிய குடியிருப்புகளில். மருதமுனை 65 மீற்றர் வீட்டுத்திட்டம், பெரியநீலாவணைத் தொடர்மாடி, கல்முனை கிறீன்பீல்ட், சாய்ந்தமருது வொலிவேரியன் கிராமம் என்று அவற்றுக்குத் திட்டத்தின் பெயரே முகவரி. உள்ளே வீடுகள் ஒரே அச்சில் வார்த்த மாதிரி நிற்கும். பழைய ஊரில் வேப்பமரம், தையல்கடை, மூலைவீட்டு ஹாஜியார் என்று அடையாளம் சொல்லலாம். இங்கே அந்தப் பேச்சு எடுபடாது. ஆகவே “லொகேஷன் போடுங்க” என்பது இப்போது சலாத்துக்கு அடுத்து வருகிற வாக்கியமாகிவிட்டது. சாமான் கொண்டு வருகிறவர், கலியாண வீடு தேடுகிறவர், கரண்ட் பில் கொடுக்க வருகிறவர் எல்லோரும் அந்தச் சிவப்பு ஊசியை நம்பித்தான் வருகிறார்கள். டேட்டா நின்றால் ஊசியும் வராது என்பதுதான் பொது நம்பிக்கை.

அந்த நம்பிக்கையில் பாதி பிழை.

கைபேசி தான் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க நெட் வேண்டியதில்லை, சிம் வேண்டியதில்லை, ஒரு சதமும் செலவில்லை. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகிற ஜீ.பீ.எஸ். செய்மதிகள் தங்கள் நேரத்தையும் தாங்கள் நிற்கிற இடத்தையும் இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. பள்ளியில் அதான் ஒலிக்கும்போது யார் யார் கேட்டார்கள் என்று ஒலிபெருக்கிக்குத் தெரியாது. செய்மதிக்கும் அப்படித்தான் நம்மைத் தெரியாது. கைபேசி வெறுமனே கேட்கிறது. நான்கு செய்மதிகளின் குரல் கிடைத்துவிட்டால், ஒவ்வொன்றும் வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துத் தன் இடத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளும். இப்போதைய கைபேசிகள் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ செய்மதிகளையும் சேர்த்தே கேட்கின்றன. ஜீ.பீ.எஸ். அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் தன் படைக்கென அமைத்த ஏற்பாடு. பொதுமக்களுக்குக் கிடைக்கும் சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்த்து வந்த பிசகை 2000 மே மாதத்தில் நீக்கிய பிறகுதான் துல்லியம் சில மீற்றருக்குள் வந்தது. அதற்கு முன்பு ஊசி பக்கத்துத் தெருவில் போய் நிற்கும்.

பிறகு ஏன் டேட்டா இல்லாத இடத்தில் நீலப்புள்ளி வரச் சுணங்குகிறது? ஒவ்வொரு செய்மதியும் தன் பாதை விவரத்தை நொடிக்கு வெறும் 50 பிட் வேகத்தில் சொல்கிறது. முழுவதையும் காதால் வாங்க அரை நிமிடமாவது செல்லும். டேட்டா இருந்தால் அதே விவரத்தை நெட்டிலிருந்து கண்மூடித் திறப்பதற்குள் கைபேசி எடுத்துக்கொள்ளும். டேட்டா இல்லாதபோது செய்மதி சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். நாள்கணக்கில் அணைத்து வைத்திருந்த போன் என்றால், அல்லது பல நூறு கிலோமீற்றர் கொண்டுபோய்த் திறந்தால், பல நிமிடங்கள்கூட ஆகலாம். தகரக் கூரைக்குக் கீழேயும் தொடர்மாடியின் படிக்கட்டிலும் நின்றுகொண்டு “மெப் வேலை செய்யுதில்லை” என்று போனைத் திட்டுவதில் பயனில்லை. வெளியே வந்து வானம் தெரிகிற இடத்தில் ஒரு நிமிடம் நின்றால் போதும்.

ஆக, இடம் தெரிவது இலவசம். டேட்டா செலவாவது இடத்துக்குக் கீழே விரிகிற படத்துக்கு. அந்தப் படத்தை வீட்டு வைஃபையில் முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டால், வழி கணக்கிடுகிற வேலையையும் கைபேசியே பார்த்துக்கொள்ளும். ஓஃப்லைன் மெப் என்பது இவ்வளவுதான்.

இது புதுச் சங்கதியும் இல்லை. ஸ்மார்ட்போன் பரவுவதற்கு முன்பே வளைகுடாவில் வாகனம் ஓட்டிய நம்மவர்களுக்கு இது பழக்கம். கண்ணாடிக்குக் கீழே ஒட்டிய கார்மின் பெட்டிக்கு நெட்டே கிடையாது. 2010 ஜனவரியில் நொக்கியா தன் ஸ்மார்ட்போன்களுக்கு ஓவி மெப்ஸ் வழிகாட்டலை இலவசமாகக் கொடுத்தது. நாட்டின் வரைபடத்தை மெமரி கார்டில் ஏற்றிக்கொண்டு டோஹாவிலும் ரியாத்திலும் ஓடலாம். நொக்கியா போன் பிரிவு சரிந்தது தெரிந்த கதை. அதன் வரைபடப் பிரிவு ‘ஹியர்’ என்ற பெயரில் 2015இல் அவுடி, பிஎம்டபிள்யூ, டைம்லர் என்ற மூன்று கார் நிறுவனங்களின் கைக்குப் போனது. இன்றும் முழு நாட்டையும் இறக்கி வைக்கும் இலவசச் செயலி அதனிடம் உண்டு. கூகுள் மெப்ஸ் இந்த வழிக்கு வந்தது 2015 நவம்பரில்தான். அதற்குள் எல்லோருக்கும் டேட்டா பழகிவிட்டது. அதனால் அந்த வசதி அங்கே இருப்பதே பலருக்குத் தெரியாமல் போனது.

டேட்டா எங்கும் நிறைந்துவிடும், ஓஃப்லைன் தேவைப்படாது என்று நம்பிய காலமும் இருந்தது. 2015 ஜூலையில் கூகுளின் பலூன் திட்டமான ‘லூன்’ இலங்கை முழுவதற்கும் வானத்திலிருந்து இணையம் தருவதாக ஒப்பந்தம் போட்டது. 2016 பெப்ரவரியில் பரிசோதனைப் பலூன் ஒன்று கம்பளையில் தேயிலைத் தோட்டத்தில் வந்து விழுந்தது. திட்டம் மெல்ல மறக்கப்பட்டு, 2021இல் ‘லூன்’ நிறுவனமே மூடப்பட்டது. கோபுரத்துக்கு வேண்டிய மின்சாரத்தின் கதையும் அப்படித்தான். 2022 மார்ச் முடிவில் ஒரு நாளில் 13 மணி நேர மின்வெட்டை அனுபவித்தோம். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலைக்கு நாடு முழுவதும் இருண்டது. அதே ஆண்டு ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதி இணையம் இலங்கைக்கு வந்தது. அதன் தட்டையும் மாதக் கட்டணத்தையும் ஓட்டோக்காரரின் தலையில் வைத்துப் பேச முடியாது.

அப்படியானால் எதை இறக்கி வைப்பது?

கூகுள் மெப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டால் ஓஃப்லைன் மெப்ஸ் என்று வரும். சதுரத்தை இழுத்து அம்பாறை, மட்டக்களப்பு, கண்டி வரை அடக்கி இறக்கிக்கொள்ளலாம். கடை, ஆஸ்பத்திரி, எரிபொருள் நிலையம் என்று தேடுவதற்கு அதுதான் வளமானது. குறைகளும் உண்டு. ஓஃப்லைனில் வாகன வழி மட்டுமே காட்டும். நடைக்கும் சைக்கிளுக்கும் பஸ்ஸுக்கும் வழி கேட்டால் கைவிரிக்கும். நெரிசல் தெரியாது, மாற்று வழிகளும் தராது. இறக்கிய படத்துக்கு ஆயுள் ஒரு வருடம். அதற்குள் வைஃபையில் புதுப்பிக்காவிட்டால் காலாவதியாகிவிடும். தேவைப்படுகிற அன்றைக்குத்தான் காலாவதி தெரியவரும் என்பது இந்தமாதிரி விஷயங்களின் வழக்கம்.

இன்னொரு செயலிக் குடும்பம் ஓபன் ஸ்ட்ரீட் மெப்பின் தரவில் ஓடுகிறது. ஓஸ்மெண்ட் 2010 முதல் இருக்கிறது. பொத்தான்கள் அதிகம், பொறுமைசாலிகளுக்கு ஏற்றது. மெப்ஸ்.மீ ஒரு காலத்தில் முதுகுப்பைச் சுற்றுலாக்காரரின் தோழன். அது கைமாறி விளம்பரம் ஏறிய பிறகு, அதைத் தொடங்கியவர்களே 2021இல் ஓர்கானிக் மெப்ஸ் என்று விளம்பரமும் கண்காணிப்பும் இல்லாத ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இலங்கை முழுவதற்குமான கோப்பு ஒரு தமிழ்ப்படத்தைவிடச் சிறியது. நடைவழி, சைக்கிள்வழி எல்லாம் டேட்டா இல்லாமலே கணக்கிடும். வயல்வரம்பு, ஒழுங்கை, குளக்கட்டு போன்ற சிறு பாதைகள் சில இடங்களில் கூகுளைவிட இதில் கூடுதலாக இருக்கும். சில இடங்களில் ஒன்றுமே இருக்காது. யாராவது உட்கார்ந்து வரைந்திருந்தால் இருக்கும், அவ்வளவுதான். பழைய போன் வைத்திருப்பவருக்கு நான் சொல்வது ஓர்கானிக் மெப்ஸ்தான். கடை தேடுவதற்குக் கூகுளையும் பக்கத்தில் வைத்திருங்கள்.

தேடும்போது ஒரு வில்லங்கம் உண்டு. நெட் இருந்தால் எப்படி எழுதினாலும் கூகுள் ஊகித்துக்கொள்ளும். ஓஃப்லைனில் அந்தத் தாராளம் குறைவு. பெரியநீலாவணையை ஆங்கிலத்தில் ஒட்டி எழுதுவார்கள், பிரித்து எழுதுவார்கள், ‘ஈ’ போடுவார்கள், ‘ஐ’ போடுவார்கள். தரவில் உள்ள எழுத்து வேறாக இருந்தால் ஊரே இல்லை என்று சொல்லிவிடும். போக வேண்டிய இடத்தை வீட்டிலிருக்கும்போதே தேடி, குறி போட்டுச் சேமித்து வைப்பதே புத்தி.

ஓபன் ஸ்ட்ரீட் மெப்பை வரைவது யார்? சம்பளம் வாங்காத ஆட்கள்தான் பெரும்பாலும். 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியபோது அது கையில் ஜீ.பீ.எஸ். வைத்துக்கொண்டு சைக்கிளில் சுற்றிய சிலரின் பொழுதுபோக்கு. அதே ஆண்டு டிசம்பர் 26இல் இந்தக் கரையைக் கடல் அடித்துக்கொண்டு போனது. உதவி கொண்டு வந்தவர்களின் கையில் எந்த ஒழுங்கையில் எத்தனை வீடு இருந்தது என்று காட்டுகிற படம் இல்லை. அந்த வாரங்களில் இலங்கை மென்பொருளாளர்கள் கூடிக் காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிய ‘சஹானா’ என்ற திறந்த மென்பொருளை எழுதினார்கள். அது பிறகு உலகின் பல பேரிடர்களுக்குப் போனது. வரைபடம் அப்போது அந்த நிலைக்கு வளர்ந்திருக்கவில்லை. 2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் நிலம் நடுங்கியபோதுதான் உலகின் மூலைமுடுக்கில் இருந்தவர்கள் செய்மதிப் படத்தைப் பார்த்துத் தெருத்தெருவாக வரைந்து, மீட்புக்குப் போனவர்களின் கருவியில் ஏற்றிக் கொடுத்தார்கள்.

அந்த அலை மட்டக்களப்புக்கும் வந்தது. அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உலக வங்கியும் சேர்ந்த முயற்சியில் மண்முனை வடக்குப் பிரதேசத்தின் கட்டடங்களும் வீதிகளும் ஆயிரக்கணக்கில் ஓபன் ஸ்ட்ரீட் மெப்பில் ஏறின. மட்டக்களப்பு நகரம் அதனால் விளங்கத் தெரிகிறது. மாவட்ட எல்லையைத் தாண்டினால் யாருக்கு நேரம் கிடைத்ததோ அவர் வரைந்த அளவுதான். பெரியநீலாவணையின் பெயரையே புனைபெயராகச் சூடிக்கொண்ட கவிஞர் நீலாவணன் 1975இல் மறைந்தார். மறு ஆண்டு வந்த அவருடைய கவிதைத் தொகுதியின் பெயர் ‘வழி’. அந்த ஊரின் ஒழுங்கைகளுக்கு மெப்பில் பெயர் எழுத இன்னும் ஆள் தேவைப்படுகிறது.

இனி கடினமான விஷயத்துக்கு வருவோம். படம் கையில் இருக்கிறது, செய்மதி பேசுகிறது, கோடு விழுந்துவிட்டது. அந்தக் கோட்டை எவ்வளவு நம்பலாம்?

மண்டூரையே எடுத்துக்கொள்வோம். பெரியநீலாவணையிலிருந்து முருகன் கோயில் திருவிழாவுக்குப் போகிறவருக்கு இரண்டு வழி. வடக்கே குருமண்வெளிக்குப் போய் வாவியைப் படகுப் பாதையில் கடக்கலாம். இல்லாவிட்டால் தெற்கே கல்முனைக்கு வந்து கிட்டங்கி, சவளக்கடை வழியாகச் சுற்ற வேண்டும். ஓஃப்லைன் மெப்புக்குப் படகுப் பாதையும் ஒரு வீதிதான், கொஞ்சம் மெதுவான வீதி. கடைசிப் பயணம் எத்தனை மணிக்கு, காற்று அடித்தால் ஓடுமா, இயந்திரம் பழுதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இரவில் கரைக்கு வந்து நின்றுகொண்டு அடுத்த கரையின் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டியதுதான். வழி அமைப்பில் படகுகளைத் தவிர் என்று ஒரு தெரிவு உண்டு. அதைப் போட்டால் கிட்டங்கியைக் காட்டும். மாரியில் கிட்டங்கியும் இல்லை.

காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையிலான மாவடிப்பள்ளி வீதியும் இப்படித்தான். 2024 நவம்பர் 26 மாலை, வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரசா மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் அந்த வீதியில் வெள்ளத்தில் அள்ளுண்டது. பிள்ளைகளின் ஜனாஸாக்கள் ஒவ்வொன்றாகக் கிடைத்த அந்த நாட்களை இப்பகுதி மறக்காது. அன்று யாரும் மெப் பார்த்து அந்த வழியால் போகவில்லை, தெரிந்த வீதிதான். தெரிந்தவர்களையே ஏமாற்றுகிற தண்ணீரை, தெரியாத ஊரிலிருந்து நீலக்கோட்டை நம்பி வருகிற ஒருவர் எப்படி அளப்பார்? அதற்கு இரண்டு நாள் முன்பு, நவம்பர் 24 அன்று, இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் பரேலிக்குப் பக்கத்தில் மூன்று பேர் சென்ற கார் ராம்கங்கை ஆற்றுப் பாலத்திலிருந்து விழுந்து மூவரும் இறந்தார்கள். அந்தப் பாலத்தின் ஒரு பகுதியை முந்தைய வெள்ளம் ஒன்று ஏற்கெனவே அடித்துச் சென்றிருந்தது. வழிகாட்டியில் பாலம் முழுசாக இருந்தது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாட்டுக்குள் நுழைந்தபோது இதே ஏமாற்றம் பெரிய அளவில் நடந்தது. அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கம் மண்சரிவில் வீதிகள் மூடின, பாலங்கள் போயின, மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் ஒருங்கே அறுந்தன. கல்முனையிலிருந்து அம்பாறை, உகனை, மகாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை என்று போய்க் கண்டிக்கு ஏறுகிறவருக்கு அந்த வாரத்தில் ஓஃப்லைன் மெப் காட்டியது புயலுக்கு முந்திய நாட்டை. வீதி மூடிய தகவல் நெட் வழியாகத்தான் மெப்புக்கு வரும். இறக்கி வைத்த படத்துக்கு அது வர வழியே இல்லை.

இதை வைத்து ஓஃப்லைன் மெப் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. டித்வா நாட்களில் மலைநாட்டுக்கு நிவாரணம் ஏற்றிப்போன லொறிக்காரருக்கு, மூடிய வீதியிலிருந்து திரும்பி அடுத்த சிறு வீதியைக் கண்டுபிடிக்க அந்தப் படம்தான் உதவும். படம் இருக்கிற இடத்தைச் சொல்லும், வீதிகள் எப்படிப் பின்னியிருக்கின்றன என்று சொல்லும். எந்த வீதி இன்று உயிரோடு இருக்கிறது என்பதை மனிதரிடம்தான் கேட்க வேண்டும். வாய்ஸ் அழைப்பு பெரும்பாலும் டேட்டாவுக்குப் பிறகுதான் சாகும். அந்த இடைவெளியைப் பயன்படுத்தச் சவளக்கடையில் ஒரு நம்பர், மாவடிப்பள்ளியில் ஒரு நம்பர், மகாஓயாவில் ஒரு நம்பர் போனில் இருக்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 எல்லோருக்கும் உரியது.

மழைக்கு முன் செய்ய வேண்டியது ஒரு பின்னேர வேலை. படத்தை இறக்குங்கள். பிறகு டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டு முற்றத்தில் நின்று மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கும் அம்பாறைப் பெரியாஸ்பத்திரிக்கும் வழி கேட்டுப் பாருங்கள். கோடு விழுந்தால் சரி. விழாவிட்டால் இன்றே தெரிந்துகொண்டீர்கள். விமானப் பயன்முறையிலும் ஜீ.பீ.எஸ். ஓடும். கவரேஜ் இல்லாத இடத்தில் கோபுரம் தேடித் தேடித்தான் பட்டரி சாகிறது. அந்தப் பயன்முறையில் போட்டால் நீண்ட நேரம் தாங்கும். டேட்டா இல்லாதபோது இடத்தை அனுப்ப, நீலப்புள்ளியை அழுத்திப் பிடித்தால் வருகிற அகலாங்கு நெட்டாங்கு எண்களைச் சாதாரண எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்பலாம். இந்தக் கரையில் அவை ஏழில் தொடங்குகிற ஒரு எண்ணும் எண்பத்தொன்றில் தொடங்குகிற ஒரு எண்ணுமாக இருக்கும். வேறு ஏதாவது வந்தால் எழுத்துப் பிழை. 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கும் அவசரத்தில் உம்மாவோ வாப்பாவோ ‘நீலக் கேட்’ என்று சொல்லிக்கொண்டிருக்க நேரிடும். வீட்டின் அந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைப்பது கேலிக்குரிய காரியம் இல்லை.

வெள்ளம் ஏறுகிற வீதிகளைக் குறிக்க ஓபன் ஸ்ட்ரீட் மெப்பில் தனிக் குறியீடே இருக்கிறது. எல்லாச் செயலிகளும் அதைப் பார்த்து வழியை மாற்றுவதில்லை என்பது உண்மை. ஆனால் தரவில் இல்லாததை எந்தச் செயலியும் ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. சென்னை 2015 பெருவெள்ளத்தில் எந்தெந்தத் தெரு மூழ்கியிருக்கிறது என்று மக்களே ஒரு வரைபடத்தில் தொட்டுத் தொட்டுக் குறித்தார்கள். அதற்கு அடித்தளமாக இருந்தது இதே ஓபன் ஸ்ட்ரீட் மெப். மழை வந்த பிறகு செய்ததை நாம் மழைக்கு முன்பே செய்யலாம். கிட்டங்கி, மாவடிப்பள்ளி, துறைநீலாவணை வீதி, வயலுக்குள் போகிற வட்டைப் பாதைகள் ஆகியவற்றில் தண்ணீர் எந்த மாதத்தில் எது வரை ஏறும் என்று வட்டவிதானைமாருக்குத் தெரியாததா? ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அல்மனார், ஷம்ஸ் பாடசாலைகளில் உயர்தரத்தில் புவியியல் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஸ்ட்ரீட் கொம்ப்ளீட் என்று ஒரு அன்ட்ரொயிட் செயலி தெருவில் நடந்துபோகிறவரிடம் இந்த வீதிக்குத் தார் போட்டிருக்கிறதா, பெயர் என்ன என்று சிறு சிறு கேள்வியாகக் கேட்டுப் பதிலை வரைபடத்தில் சேர்த்துவிடும். பதிலை டேட்டா இல்லாமலே எழுதி வைத்து, வைஃபை கிடைக்கும்போது அனுப்பலாம். ஒரு செயல்திட்டத்துக்கு இது போதாதா? மாநகர சபைக்கு மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டிய வேலை இல்லை இது.

மூத்தவர்களுக்கு 1978 நவம்பர் சூறாவளி ஞாபகம் இருக்கும். மட்டக்களப்பையும் இந்தக் கரையையும் அடித்து நொறுக்கி, மரங்கள் விழுந்து வீதிகள் எல்லாம் மூடிய நாட்கள் அவை. அதே ஆண்டு பெப்ரவரியில்தான் முதலாவது ஜீ.பீ.எஸ். செய்மதி மேலே போயிருந்தது என்பது அப்போது இங்கே யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

தெரிந்துகொண்டவர்களில் முந்தியவர்கள் மீனவர்கள். கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனாலே கைபேசிக் கோபுரம் எட்டாது. ஆகவே நெட் இல்லாமல் வழி தேடுவது கடலில் ஒரு பிரச்சினையாகவே பேசப்படுவதில்லை, அதுதான் தொழில். முன்பு கரையில் தெரிகிற ஒரு மினாராவையும் அதற்குப் பின்னால் நிற்கிற மரத்தையும் ஒரே நேரில் வைத்து, வேறொரு பக்கத்தில் இன்னொரு சோடியைப் பிடித்து, இரண்டு நேரும் வெட்டுகிற இடத்தில் பாரில் (கடலடிப் பாறையில்) ஒதுங்கும் மீனுக்கு வலை விடுவார்கள்.  கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான் இந்த முறையின் எல்லை. ஆழ்கடல் இயந்திரப் படகுகளுக்குக் கையடக்க ஜீ.பீ.எஸ். வந்ததும் அந்த எல்லை போயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் இலங்கை மீனுக்குத் தடை போட்டு 2016 ஜூனில் நீக்குவதற்கிடையில், ஆழ்கடல் படகுகளில் செய்மதிக் கண்காணிப்புக் கருவியும் ஏறியது. அது படகு நிற்கும் இடத்தை அரசாங்கத்துக்குச் சொல்கிறது.

கையடக்கக் கருவி சொல்வது மீனவருக்கு மட்டும். கூகுளைக் கடலில் திறந்தால் வெறும் நீலம். மீனவரின் கருவியில் அந்த நீலத்தில் புள்ளி புள்ளியாக எண்கள்: பார் இருக்கிற இடம், மூழ்கிய கப்பலில் வலை சிக்குகிற இடம், போன மாதம் சூரை கிடைத்த இடம். ஒவ்வொரு புள்ளிக்கும் டீசலும் இரவும் செலவழிந்திருக்கிறது. வாடியில் பக்கத்தில் இருந்து தேநீர் குடிக்கிறவருக்கும் அந்த எண்களைச் சொல்லமாட்டார்கள். எங்கே கிடைத்தது என்று கேட்டால் “அங்கால, கிழக்கால” என்று கையைக் காட்டுவார்கள். பழைய கருவியை விற்கும்போது புள்ளிகளை அழிக்காமல் விற்ற ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.